உசாவிச் முயல்களுக்கு ஏன் பேச்சே இல்லை

சாயங்காலம் கரண்ட் போய்விட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எல்லாரும் வந்துவிடுவோம். போன மாதம் அப்படி ஒரு நாள், அக்கா மகன் போனில் எதையோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்தாள், அப்புறம் மடித்த வெற்றிலை கையிலேயே இருக்க அதிலேயே ஊன்றிப்போய்விட்டாள். கோடு போட்ட உடுப்பில் இரண்டு முயல்கள், ஒரு சின்னச் சிறை அறை, அவ்வளவுதான் படத்தில். நான்கைந்து துண்டு ஓடி முடிந்ததும் கேட்டாள்: “ஏலே, அந்தச் செவப்புச் சட்டக்காரன் எவன் என்ன பண்ணுனாலும் பேசாம கெடக்கான், செருப்பத் தொட்டா மட்டும் எதுக்குலே இந்த அடி அடிக்கான்?”

ஆச்சி பார்த்தது ஜப்பானியத் தொடர். அதில் வருவது ரஷ்யச் சிறை. இந்த இரண்டு விஷயமும் அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கு அது தேவையாகவும் இல்லை. ஐந்தாறு நிமிடத்தில் அந்தத் தொடரில் எது முக்கியமோ அதைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். எண்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கும் எட்டு வயதுப் பையனுக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வருகிறது என்றால் அதைச் செய்தவர்கள் எதையோ சரியாகச் செய்திருக்கிறார்கள். அது என்ன என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் விரித்து எழுதிப் பார்க்கிறேன்.

தொடரின் பெயர் உசாவிச். ஜப்பானிய மொழியில் முயலுக்கு உசாகி என்று பெயர், ரஷ்யர்களின் தந்தைவழிப் பெயர்களின் முடிவில் வருகிற ‘விச்’ என்பதை அதோடு ஒட்டிவிட்டார்கள். கானாபன் கிராபிக்ஸ் என்கிற டோக்கியோ நிறுவனம் எம்டிவி ஜப்பானுக்காகச் செய்தது, சடோஷி டோமியோகா இயக்கியது, 2006இல் ஒளிபரப்பு தொடங்கியது. ஒரு துண்டின் நீளம் 90 வினாடி. ஒரு பருவத்துக்கு 13 துண்டு. ஆக முதல் பருவம் முழுவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் பத்தொன்பதரை நிமிடம்தான், பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

கதை என்று பார்த்தால் சோவியத் காலத்து ரஷ்யாவில் ஒரு சிறைக் கொட்டடி, அதில் இரண்டு முயல்கள். பச்சைக்கோடு உடுப்புக்காரன் பெயர் புதின். வெள்ளந்தி, பயந்தாங்கொள்ளி, கொஞ்ச காலத் தண்டனைக்கு வந்தவன், மனசு குதூகலமாகிவிட்டால் குத்தவைத்து உட்கார்ந்து காலை வீசி வீசிக் கொசாக் ஆட்டம் போடுகிறவன். சிவப்புக்கோடு உடுப்புக்காரன் கிரெனென்கோ. மாபியா கும்பலின் தலைவனாக இருந்தவன், மரண தண்டனைக் கைதி, முகத்தில் எந்த அசைவும் கிடையாது, கட்டிலில் சாய்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டே கிடப்பான். அவனுக்கு உலகத்தில் பிடித்த ஒரே பொருள் அவனுடைய விளையாட்டுக் காலணி. அப்புறம் ஒரு தவளையும் ஒரு கோழிக்குஞ்சும் இவர்களோடு குடியிருக்கின்றன. கதவுக்கு வெளியே காவலர்கள். இவ்வளவு பேரில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முனகல் உண்டு, மூச்சிரைப்பு உண்டு, கதவு அறையும் சத்தம் உண்டு. வசனம் மட்டும் இல்லை.

வசனம் இல்லாததுக்கு முதல் காரணமாக எனக்குத் தெரிவது அது வந்த இடம். எம்டிவி பாட்டுச் சேனல். இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் ஓட வேண்டிய சின்னப் படம் என்றால், பார்க்கிறவன் பாதிக் கவனத்தோடுதான் இருப்பான், சேனலை மாற்றப் போகிற விரல் ரிமோட்டில் இருக்கும். அவனிடம் போய்ப் பின்கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 90 வினாடியில் ஒரு விஷயத்தை வைத்து, அதைக் கெடுத்து, கெட்டதை இன்னொரு பக்கம் திருப்பி, கதவை மூடிவிட வேண்டும். பேச்சு வந்தால் நேரம் தின்னும். ஒரு ஆள் இரண்டு வாக்கியம் பேசி முடிக்க ஆறேழு வினாடி ஆகிவிடும், அந்த ஆறேழு வினாடிக்குள் கிரெனென்கோ ஒரு தடவை கண்ணைத் திருப்பி, திரும்பப் பத்திரிகைக்குள் போய், நம்மைக் காக்கவைத்துச் சிரிக்கவைத்துவிடுவான்.

இன்னொன்று, பேச்சு இல்லாத படத்துக்கு மொழிமாற்றம் வேண்டாம். இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு கார்ட்டூன் தமிழில் கிடைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2007இல் சுட்டி டிவி வந்த பிறகுதான் டோராவும் புஜ்ஜியும் தமிழில் பேச ஆரம்பித்து வீடு வீடாக நுழைந்தார்கள். அதற்கு முன்னால் கேபிள் வந்த வீடுகளில் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்தது டாம் அண்ட் ஜெர்ரி, ஏனென்றால் அதில் ஆங்கிலம் புரிய வேண்டிய அவசியமே அநேகமாக வராது, பூனை அடிபட்டால் எந்த ஊரிலும் அடிபட்டதுதான். உசாவிச் அந்த வழியில் வந்தது.

அக்கா மகன், “மாமா, இதுக்கு நம்ம ஊர்ப் பேச்சுல டப்பிங் குடுத்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டான். புதினுக்கு ‘ஏலே மக்கா’ என்று குரல் கொடுத்தால் முதல் இரண்டு துண்டுக்கு நிச்சயம் சிரிப்போம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம் என்றுதான் படுகிறது. குரல் வந்த உடனே அந்த முயல் ஒரு ஊர்க்காரனாகிவிடும், ஒரு சாதிக்காரனாகவும் ஆகிவிடும், நம்ம காது அப்படிப் பழகியிருக்கிறது. ஒருத்தன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அவன் தென்காசிப் பக்கமா, சாத்தான்குளம் பக்கமா, டவுனா, கரையோரமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பேசாத முயல் யாருடைய முயலும் இல்லை, அதனால் எல்லாரும் பார்க்கலாம்.

இந்த ஜோடியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தோல்பாவைக்கூத்து. இன்றைக்கு அருகிப்போய்விட்டாலும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, ஆட்டுத்தோலில் செய்த பாவைகளைக் கொண்டு இராமாயணத்தைப் பல இரவுகள் நடத்துவார்கள். அதில் இராமனையும் இராவணனையும் பார்க்கப் போனவர்களைவிட உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்க்கப் போனவர்கள் கூடுதல் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கணக்கு. கதை போய்க்கொண்டே இருக்கும்போது இந்த இரண்டு பேரும் நடுவில் புகுந்து ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொள்வார்கள், சாப்பாட்டுக்குச் சண்டை போடுவார்கள், போய்விடுவார்கள். கைகால் மூட்டுகள் தனித்தனியாக ஆடுகிற மாதிரி அந்தப் பாவைகளைத் தைத்திருப்பதால் ஒரு அடி விழுந்தால் உடம்பு முழுக்க அந்த அடி ஓடும்.

இந்த மாதிரி இரட்டையர் நகைச்சுவைக்கு அடிப்படை ஒன்றுதான்: ஒருத்தன் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், இன்னொருத்தன் அசையக் கூடாது, அல்லது ஒருத்தன் அடிக்க வேண்டும், இன்னொருத்தன் அடி வாங்க வேண்டும். கவுண்டமணி செந்திலில் அடிக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்பது படம் தொடங்குவதற்கு முன்னாலேயே தியேட்டருக்குத் தெரியும். உசாவிச்சில் செய்த மாற்றம் அருமையானது. பலசாலியான கிரெனென்கோ புதினை எதுவும் செய்வதில்லை, அவனைக் கவனிப்பதே அபூர்வம். அவன் சும்மா கிடப்பதுதான் புதினுக்குப் பயம். பக்கத்துக் கட்டிலில் புலி படுத்திருக்கிற அறையில் ஒரு முயல் எப்படி நடமாடுமோ அப்படி இந்த முயல் நடமாடுகிறது, அந்தப் புலியும் முயலாகவே இருக்கிறது. தோல்பாவையில் இரண்டு பேரும் ஓயாமல் பேசுவார்கள், பேச்சுத்தான் அங்கே சரக்கு. இங்கே ஒருத்தன் பேசாததே சரக்கு.

அடுத்து, சிறை.

சிறையை நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டதில் கைவேலை சம்பந்தப்பட்ட ஒரு லாபம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் செய்கிற முப்பரிமாணப் படத்தில் ஒவ்வொரு இடத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். தெரு என்றால் கடை, வண்டி, மரம், போகிற வருகிற ஆள் எல்லாம் வேண்டும். சின்ன நிறுவனத்துக்கு அது தாங்காது. ஒரே ஒரு அறையை நன்றாகக் கட்டிவிட்டு, அதில் ஒரு இரும்புக் கதவு, கதவில் ஒரு சின்னத் திறப்பு, இரண்டு கட்டில், ஒரு கழிப்பிடம் வைத்துவிட்டால் 13 துண்டுக்கும் அதுவே போதும். முயலின் உடம்பையும் ரோமம் ரோமமாகச் செய்யாமல் பொம்மை போல வழவழப்பாகச் செய்திருக்கிறார்கள். ரோமம் செய்வது கணினிப் படத்தில் மிகச் சிரமமான வேலை, அதில் போகிற உழைப்பைக் கண்ணிலும் உடம்பசைவிலும் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. கோடு போட்ட உடுப்பும் அப்படித்தான். நம்ம சினிமாக் கைதிக்கு வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒரு நம்பர். கோடு போட்ட உடுப்பு இங்கே வழக்கத்தில் இல்லாவிட்டாலும் படத்தில் பார்த்த உடனே கைதி என்று எந்த நாட்டுப் பிள்ளையும் சொல்லிவிடும். விளக்கம் சொல்லச் செலவாகிற நேரம் மிச்சம்.

ஆனால் செலவு மிச்சம் என்பதோடு விஷயம் முடியவில்லை. சிரிப்புக்கு ஒரு ஒழுங்கு வேண்டும், கலைப்பதற்கென்று ஒரு அடுக்கு வேண்டும். சிறையில் எல்லாமே நேரப்படி நடக்கிறது. இந்த நேரத்துக்குச் சாப்பாடு, இந்த நேரத்துக்கு எழும்ப வேண்டும், இந்த நேரத்துக்கு விளக்கை அணைப்பார்கள். இரண்டாவது துண்டு பார்க்கும்போதே கதவில் அந்தத் திறப்பு திறந்தால் என்ன வரும் என்று நமக்குப் பழகிவிடுகிறது, பழகின பிறகு அதில் வேறு ஏதாவது வந்தால் சிரிக்கிறோம். வெளி உலகத்தில் நடக்கிற கதையில் இப்படி ஒரு பழக்கத்தை உண்டாக்க நிறைய நேரம் எடுக்கும்.

தமிழில் சிறையைப் பற்றி நாம் சொல்கிற கேலிச் சொற்களை எடுத்துப் பாருங்கள். கம்பி எண்ணுகிறான் என்போம், களி தின்னப் போகிறான் என்போம், மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்போம். முதலாவது நேரம் போகாததைப் பற்றியது. இரண்டாவது சோறு. மூன்றாவது, விருந்தாளியாகப் போன இடத்தில் வாசலைத் தாண்ட முடியாமல் கிடப்பது. உசாவிச்சின் முதல் பருவத்தை இந்த மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடலாம். அந்தத் தொடரைச் செய்தவர்களுக்கு நம்ம சொலவடை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, இருந்தும் சிறைக்குள் சிரிப்பு எங்கெங்கே கிடக்கிறது என்று தேடினால் எல்லாரும் இந்த மூன்று இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள் போலிருக்கிறது.

இதில் நாலாவதாகச் சேருவது பொருள். ஆச்சி கேட்ட செருப்புக் கேள்வி.

ஆச்சியின் தம்பி ஒருவர் இருந்தார், எனக்குத் தாத்தா முறை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் விசாரணைக் கைதியாக ஒரு சிறையில் பதினோரு மாதம் இருந்துவிட்டு, கடைசியில் வழக்கு நிற்காமல் வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் தனக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கச் சொன்னாராம், வாங்கி வந்ததை வாசலில் விடாமல் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ரொம்ப நாள் தூங்கினாராம். செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோவது எங்கள் குடும்பத்தில் நடக்கிற காரியமே கிடையாது. இருந்தாலும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இந்தக் கதையை எனக்குச் சின்ன வயதிலேயே சொன்னவள் ஆச்சிதான். கிரெனென்கோவின் காலணி பற்றி அவள் கேட்டபோது, “உங்க தம்பி எதுக்கு ஆச்சி செருப்பப் பக்கத்துல வச்சுத் தூங்குனாவ?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அது அவனுக்குன்னு இருந்த சாமான்லா” என்றாள்.

கிரெனென்கோ மரண தண்டனைக் கைதி. அவனுக்கு வீடு இல்லை, நாள் இல்லை, உடுப்பு அரசாங்கத்தினுடையது. காலணி ஒன்றுதான் அவன் விருப்பப்பட்டு வைத்திருப்பது. காவலன் அவன் மேல் கை வைத்தால்கூடச் சும்மா இருப்பான், காலணியில் ஒரு அழுக்குப் பட்டால் இருக்க மாட்டான். அதைச் சிரிப்பாகத்தான் காட்டுகிறார்கள், நாமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் இப்படி ஒரு தரை இருப்பதால்தான் அது திரும்பத் திரும்ப வந்தாலும் சலிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இதை ஏன் விலங்குகளை வைத்துச் செய்ய வேண்டும்? மனிதர்களை வைத்தே செய்தால் என்ன? செய்து பாருங்கள், முதல் கேள்வி ‘இவன் என்ன குற்றம் பண்ணினான்’ என்று வந்து நிற்கும். மனிதக் கைதியைப் பார்த்ததும் நம்ம மனசு வழக்கு நடத்த ஆரம்பித்துவிடுகிறது, இவன் நல்லவனா, கெட்டவனா, இவனுக்கு இது வேண்டியதுதானா என்று. முயலிடம் அந்தக் கேள்வி எழுவதில்லை. குற்றம் பின்னால் போய்விட, அறையும் நேரமும் பக்கத்தில் இருக்கிற ஆளும் மட்டும் முன்னால் நிற்கிறார்கள். இன்னொன்று, முயலுக்கும் கூண்டுக்கும் ஏற்கெனவே சம்பந்தம் இருக்கிறது. முயல் வளர்க்கிற வீட்டில் கம்பிவலைக் கூண்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிறை அறை புதிதாகத் தெரியாது.

எங்கள் சீமைக்காரர்களுக்கு இதில் வேறொரு விஷயமும் நினைவுக்கு வராமல் போகாது. இங்கே சிறை என்றாலே செக்கு. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ.சி.யை 1908 மார்ச்சில் கைது செய்தார்கள், மார்ச் 13ஆம் தேதி திருநெல்வேலியே கொந்தளித்து எழுந்தது, ஜூலை 7ஆம் தேதி இரட்டை ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. பின்னால் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். இடையில் கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். செக்கிழுத்த செம்மல் என்ற பட்டம் எங்கள் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதியிருக்கும், நாங்கள் அதைப் படித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். மனிதனை விலங்கின் இடத்தில் பூட்டுவதுதான் சிறை செய்கிற வேலை என்று எட்டாம் வகுப்பிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உசாவிச்சில் அதைத் திருப்பிப் போட்டு, மனிதன் இருக்கிற இடத்தில் விலங்கை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த விலங்கு அங்கே உட்கார்ந்து மனிதனைப் போலவே படுக்கையைச் சரி பண்ணுகிறது, பொழுதுபோக்கு தேடுகிறது, காலணியைத் துடைக்கிறது. செக்குக் கதையைக் கேட்டு அழுத அதே ஊரில் இந்த முயலைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. இரண்டிலும் நாம் நிற்பது பூட்டப்பட்டவன் பக்கத்தில்தான்.

ரஷ்யா விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோவியத் என்ற சொல் திருநெல்வேலியில் எழுப்புகிற நினைவு ஜப்பானில் எழும்புகிற மாதிரி இருக்காது. எங்கள் தலைமுறைக்கும் அதற்கு முந்தின தலைமுறைக்கும் சோவியத் என்றால் புத்தகம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்பார்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், விலையோ தேன்மிட்டாய் வாங்கச் சேர்த்த காசுக்குள் அடங்கிவிடும். கரடியும் நரியும் முயலும் பனியில் நடக்கிற படங்களை நான் முதலில் பார்த்தது அந்தப் புத்தகங்களில்தான். ‘சோவியத் நாடு’ இதழில் வேலை பார்த்த தொ.மு.சி. ரகுநாதன் எங்கள் ஊர்க்காரர், சோவியத் செய்தித்துறையில் இருந்த தி.க.சி.யும் எங்கள் ஊர்க்காரர், ஆகவே அந்த நாட்டுக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் ஒரு போக்குவரத்து இருந்துகொண்டே இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு புத்தகமும் நின்றுபோனது.

அந்தப் புத்தகத்து முயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதே பனிநாட்டு முயல் கைதி உடுப்பில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒன்று நகர்கிறது. அந்தப் புத்தகங்களில் சிறை கிடையாது, இருந்ததைக் காட்டவும் இல்லை. அந்த நாட்டுக்குள் எத்தனையோ பேர் முகாம்களில் கிடந்தார்கள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். உசாவிச் அதைப் பற்றிய படம் இல்லை, அரசியல் பேசுகிற நோக்கமும் அதில் எனக்குத் தெரியவில்லை. ஒரு ஜப்பானியன் தூரத்திலிருந்து பார்த்து, இரும்புக் கதவு, பனி, கொசாக் ஆட்டம் என்று அடையாளங்களை எடுத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவன் கொண்டுவருகிற நினைவை எந்தப் படமும் தடுக்க முடியாதே. எனக்கு அந்தப் பச்சைக்கோடு முயல், ராதுகா புத்தகத்திலிருந்து இறங்கிவந்து எனக்குச் சொல்லாமல் விட்ட பாதியைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

விலங்குகளைச் சிறையில் வைத்துச் சிரிக்கவைத்தவர்கள் இவர்கள் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனத்தில் நிக் பார்க் 1989இல் செய்த களிமண் படம் ஒன்றில் மிருகக்காட்சிசாலை விலங்குகள் மைக் முன்னால் உட்கார்ந்து தாங்கள் இருக்கிற இடத்தைப் பற்றிப் பேட்டி கொடுக்கும், பின்னால் ஓடுகிற குரல்கள் உண்மையான ஆட்களின் குரல்கள். ஆஸ்கர் வாங்கிய படம். அதே நிறுவனம் 2000இல் கோழிப்பண்ணையைப் போர்க்கைதி முகாம் மாதிரி அமைத்து, கோழிகள் தப்பிப்பதை முழுநீளப் படமாக எடுத்தது. இரண்டுமே பேச்சை நம்பி நிற்கிறவை, அதிலும் முதலாவதில் பேச்சுத்தான் எல்லாம். உசாவிச்சை அவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறது என்பது தெரியும்.

இப்போது ஒரு மறுப்பு. எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, நான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “ஜெயில வச்சு என்ன தம்பி சிரிப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களுக்கு மத்திய சிறை தினமும் கண்ணில் படுகிற கட்டடம். உள்ளே இருக்கிறவர்களை மனுப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பஸ்ஸில் போகிறோம். கைக்குழந்தையோடு வந்து நிற்கிற பெண்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சிறை கார்ட்டூன் பார்த்துச் சிரிக்க முடியுமா என்றால், எனக்கு முடிகிறது, ஏன் என்று சொல்கிறேன். இந்தத் தொடரில் அடி வாங்குகிற கைதியைக் காட்டிச் சிரிக்கவைப்பது குறைவு. பெரும்பாலும் திட்டம் போட்டு வந்து சொதப்பிக்கொள்கிறவன் காவலன்தான். தன் கையில் சாவி இருக்கிற ஒருத்தன், சாவியே தேவைப்படாத ஒருத்தன் முன்னால் வந்து நிற்கிறான், அதில் சாவிக்காரன் தோற்கிறான். அந்தச் சிரிப்பு மனு பார்க்க வந்து காத்திருக்கிறவர்களைத் தொடாது. அண்ணாச்சி நான் சொன்னதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வன்முறை கூடுதல், சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்றார். அதில் அவர் பக்கமும் உண்மை இருக்கிறது, கிரெனென்கோ அடிக்கிற சில அடிகள் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் பார்க்கக்கூடியவை இல்லை. பத்து வயதுக்கு மேல் போகட்டும் என்று இப்போது நினைக்கிறேன், அக்கா மகன் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் பருவத்தின் முடிவில் முயல்கள் சிறையை விட்டு வெளியேறிவிடுகின்றன. இரண்டாவது பருவம் காரில், பின்னால் போலீஸ். அதற்கும் பிறகு வந்த பருவங்கள் இன்னும் வேறு வேறு இடங்களுக்குப் போகின்றன. படம் பார்க்கப் பளபளப்பாக ஆகிக்கொண்டே போகிறது, ஆட்கள் கூடுகிறார்கள், வேகம் கூடுகிறது. சிரிப்பும் வரத்தான் செய்கிறது. ஆனால் என்னுடைய தேர்வு முதல் பருவம்தான். வெளியே வந்த பிறகு கிரெனென்கோவுக்குப் போக ஒரு இடம் இருக்கிறது, புதினுக்கு ஓட ஒரு வழி இருக்கிறது. அறைக்குள் இருந்தவரை இரண்டும் கிடையாது, அதனால் ஒரு கண்ணசைவுக்கே அங்கே மதிப்பு இருந்தது. கார் ஓட ஆரம்பித்ததும் கண்ணசைவைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. ‘தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக அக்கா மகன் நினைக்கிறான், அவனுக்கு கார்தான் பிடித்திருக்கிறது. பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பார்ப்பதாக இருந்தால் முதல் பருவத்தை வரிசையாகவே பாருங்கள், நடுவில் எங்கேயாவது ஆரம்பித்தால் அந்தக் கதவுத் திறப்புப் பழக்கம் உங்களுக்கு உண்டாகாது. இரண்டு மூன்றாகப் பார்த்துவிட்டு நிறுத்தினாலும் பரவாயில்லை. அப்புறம், வசனம்தான் இல்லையே என்று சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். கிரெனென்கோ பத்திரிகைத் தாளைத் திருப்புகிற சத்தம் நின்றுபோகிற ஒரு நொடி வரும், திரையில் எதுவும் நடந்திருக்காது, புதின் மட்டும் அதைக் கேட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்பான். கரண்ட் போய் பேன் நின்ற எங்கள் திண்ணையில்தான் அது முதல் தடவையாக என் காதில் விழுந்தது.